கொதிக்கும் தண்ணீரில் திறந்த கதவு

அவருக்கு ஐஸ் என்று பெயர் வந்தது ஐஸ் விற்றதால் அல்ல. அவர் கைபட்ட டிராக்டர் சூடாகவே ஆகாது என்பதால் வந்தது. ஆயில் மாற்ற வந்த வண்டியானாலும் சரி, கிளட்ச் பார்க்க வந்த வண்டியானாலும் சரி, இன்ஜினுக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றுவதுதான் அவருக்கு முதல் வேலை. பித்தளையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சாமான். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற வழியில் உட்கார்ந்திருக்கும். அதை வெளியே எடுத்து வண்டிக்காரர் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"பார்த்தீங்களா? கதவு மூடியே கிடக்கு. தண்ணி எப்படிப் போகும்? வாயை அடைச்சுட்டு ஓடுன்னா எவன் ஓடுவான்?"

அவருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. வேலை பழகிய நாட்களில், இருபத்திரண்டு வயதில், சோதனைக்கு ஓட்டிப்போன டிராக்டரில் தண்ணீர் வற்றியதை அவர் கவனிக்கவில்லை. சூடு காட்டும் முள் சிவப்பைத் தாண்டி, இன்ஜின் ஒரு முறை முனகிவிட்டு அப்படியே இறுகி நின்றுவிட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. இவரும் அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருடங்களாகச் சூட்டின் பக்கமே போகவில்லை. ஆனால் யோக்கியமான மனுஷன். கழற்றிய வால்வு ஒவ்வொன்றிலும் யாருடைய வண்டி என்று எழுதிக் கட்டி, ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார். அடுத்தவர் பொருள் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை.

தங்கையின் டிராக்டர் புகை கக்க ஆரம்பித்தபோதும் அவர் தன்னைச் சந்தேகிக்கவில்லை. அவள் ஊராருக்கு உழுது கொடுத்துப் பிழைப்பவள். வண்டி வாங்கி நாலு வருடம்தான். அதற்குள் ஆயிலைத் தண்ணீராய்க் குடித்தது. இன்ஜினைப் பிரித்துப் பார்த்த ஐஸ், "கம்பெனிக்காரன் மட்டமான இரும்பைப் போட்டு ஏமாத்திட்டான்மா" என்றார். அண்ணன் வாக்கை அவள் வேதமாக எடுத்துக்கொண்டாள். வண்டி விற்ற கடைக்குப் போய் நாலு பேர் நடுவில் நியாயம் கேட்பதாக முடிவு செய்தாள். இரும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கடைசல் பட்டறை வைத்திருக்கும் லேத்காரரிடம் எழுதி வாங்கி வருவது அண்ணன் பொறுப்பு.

லேத்காரர் இவருக்குப் பழைய சிநேகிதர். சிலிண்டருக்குள் அளவுகோலை விட்டுப் பார்த்தார். விரலால் உட்சுவரைத் தடவி, ஒட்டிய ஈரக் கரியை மோந்து பார்த்தார்.

"எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?"

"ரெண்டாயிரத்து நானூறு."

"ஏழாயிரம் ஓட வேண்டியதுய்யா. ஓடுறப்போ சூடு முள் எங்க நிக்கும்?"

"அம்பத்தஞ்சு டிகிரியைத் தாண்டாது" என்றார் ஐஸ், கொஞ்சம் பெருமையாகவே. "இன்ஜின் மேல கையை வெச்சுக்கிட்டே கதை பேசலாம்."

லேத்காரர் அளவுகோலைக் கீழே வைத்தார்.

"அம்பத்தஞ்சா? யோவ், டீசல் இன்ஜின் எண்பதுக்கும் தொண்ணூத்தஞ்சுக்கும் நடுவுல ஓடணும். நூத்தஞ்சைத் தாண்டினா ஆபத்து, சரி. எழுபதுக்குக் கீழேயே கிடந்தாலும் ஆபத்துதான். டீசல் முழுசா எரியாம சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு ஆயிலைக் கழுவிட்டுப் போயிடும். அப்புறம் இரும்பும் இரும்பும்தான் உரசும். ஜுரம் வந்தாத்தான் வியாதியா? உடம்பு சில்லிட்டுப் போனா அவனுக்கு என்னன்னு பேரு?"

"அந்த வால்வு மூடின கதவுய்யா!" ஐஸ் பையிலிருந்து தங்கை வண்டியின் வால்வை எடுத்து மேசையில் வைத்தார். கம்பெனிக்காரனுக்கு எதிரான இன்னொரு சாட்சியாகத்தான் அதைக் கொண்டுவந்திருந்தார்.

லேத்காரர் ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஒரு சட்டித் தண்ணீரில் வால்வையும் வெப்பமானியையும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். அறுபது. எழுபது. வால்வு அசையவில்லை. "பார்த்தியா?" என்றார் ஐஸ். எண்பத்திரண்டில் பித்தளைத் தட்டு விளிம்பிலிருந்து மெல்ல விலகியது. தொண்ணூறில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வழி விட்டது. ஸ்டவ்வை அணைத்துத் தண்ணீர் ஆறியதும் தானாகவே மூடிக்கொண்டது.

ஐஸ் சட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ தடவை கையில் பிடித்த சாமான். ஆறிய இன்ஜினிலிருந்துதான் அதைக் கழற்றியிருக்கிறார், எப்போதும் ஆறியபடியேதான் பார்த்திருக்கிறார். அது திறந்து அவர் ஒருநாளும் கண்டதில்லை.

"இன்னொரு தடவை வை" என்றார். திறந்தது. மூன்றாவது தடவையும் திறந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக நெஞ்சில் வந்து விழுந்தன. ஆயில் மூடிக்கு அடியில் பழுப்பாகப் படிந்திருந்த பசை. அதற்காக ஆயில் கடைக்காரரைக் கலப்படக்காரன் என்று நடுத்தெருவில் ஏசியிருக்கிறார். வெள்ளைப் புகைக்கு பெட்ரோல் பங்க்காரரோடு சட்டையைப் பிடித்துச் சண்டை. ஐந்தே வருடத்தில் இன்ஜினை இழந்த ஒரு மாவு மில்காரருக்கு, "உங்க ராசி அப்படி" என்று ஆறுதல் வேறு.

மறுநாள் காலை அவர் போனபோது தங்கை வண்டி விற்ற கடைக்குக் கிளம்பி நின்றாள். இஸ்திரி போட்ட சேலை, கையில் வண்டி வாங்கிய ரசீது வைத்த காகித உறை.

"எழுதி வாங்கிட்டியாண்ணே? இன்னிக்கு அந்தக் கடைக்காரன் முழிக்கிற முழியைப் பார்க்கணும்."

"போகாதம்மா."

"ஏன், பயமா இருக்கா?"

"கெடுத்தது கம்பெனி இல்லை. நான்தான்."

அவள் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. வால்வு, சட்டி, எண்பத்திரண்டு என்று அவர் உளறிக் கொட்டி முடிப்பதற்குள் அவள் உறையை நான்காக மடித்தாள். பிறகு எட்டாக.

"எங்கண்ணன் கைபட்ட வண்டின்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேனே" என்றாள் கடைசியில். "விதைக்கிற நேரத்துல பத்து பேருக்கு உழுது தர்றதா வாக்குக் கொடுத்திருக்கேன்."

"லேத்காரர் எட்டு நாள்ல சிலிண்டரை சரி பண்ணித் தர்றேன்னிருக்கார். நானே மாட்டித் தர்றேன்."

"வால்வோட?"

"வால்வோட."

"அந்த டின்னுல எத்தனை இருக்கு?"

"உன்னோடது போக முப்பத்தாறு."

"அதுல எத்தனை வண்டி இன்னும் ஓடுது?"

அவருக்குத் தெரியவில்லை. அவள் செருப்பை மாட்டினாள். "டின்னை எடு. நானும் வரேன். விட்டா நீ பாதி வழியில திரும்பிடுவே."

முதலில் செங்கல் சூளைக்காரர் வீடு. சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லி, அவர் பெயர் எழுதிக் கட்டிய வால்வை எடுத்து நீட்டினார் ஐஸ். சூளைக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன மேஸ்திரி, என்னையே சோதிக்கிறீங்களா? கதவு மூடியே கிடக்கு. தண்ணி எப்படிப் போகும்? வாயை அடைச்சுட்டு ஓடுன்னா எவன் ஓடுவான்? நீங்க சொன்னதைத்தான் என் மருமகனுக்கும் சொல்லி, அவன் வண்டியிலயும் நானே கழற்றிப் போட்டுட்டேன்!"

டின்னில் இல்லாத வால்வுகளை அதுவரை ஐஸ் நினைத்தே பார்க்கவில்லை. தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"மருமகனையும் வரச் சொல்லுங்க" என்றார். "உள்ள சொல்லி ஒரு சட்டித் தண்ணி அடுப்புல வைங்க."