வயிறு இல்லாத பயணிகள்

முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குப் பின்னால் இருப்பவரின் வயிறு எப்படித் தெரியும்? பிறருடைய வேதனையை நாம் அறிய முடியுமா என்று இதையே சுற்றிவளைத்துக் கேட்டுப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் உண்டு. சோதனை ஓட்டுநரான அவர் அவர்களைப் படித்ததில்லை. ஐம்பத்தொன்பதாவது வயதில், ஒரு காரின் பின்னிருக்கையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி அவருக்கு வந்தது.

தொழிற்சாலையில் அவருக்கு ‘இடுப்பு’ என்று பெயர். தரையோடு தரையாகத் தவழும், இரண்டே இருக்கை கொண்ட வேகக் கார்களைச் செய்யும் கம்பெனி அது. ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம், ஷாக் அப்சார்பர் எவ்வளவு தளர்வு என்று ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. கருவிகள் ஆயிரம் சொல்லலாம். சோதனைத் தடத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கி, இடுப்பில் கைவைத்து, “பின்னாடி இடது ஸ்பிரிங் கொஞ்சம் சோம்பேறி” என்று அவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு. முப்பத்துநான்கு வருடங்களில் அந்த இடுப்பு இரண்டு முறைதான் தவறியது. அதற்காக அவரை மேதை என்று சொல்ல வேண்டியதில்லை. காரியத்தில் கண்ணாக இருந்தார், அவ்வளவுதான்.

வண்டியோடு வாழ்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காகச் சோதனை ஓட்டுநர்களுக்குக் கம்பெனி ஒரு காரை வீட்டுக்கே கொடுத்துவிடும். இருக்கை இரண்டு, வீட்டில் மூன்று பேர். மகள் சிறு குழந்தையாக இருந்தவரை அம்மாவின் மடி போதுமாக இருந்தது. அவள் வளர்ந்த பிறகு, எங்கே போனாலும் அம்மாவும் மகளும் பஸ்ஸில் போனார்கள், அவர் காரில் போனார். முதலில் போய்ச் சேர்ந்து, பஸ் நிற்கும் இடத்தில் கைகட்டிக் காத்திருப்பார். அதைத் தன் கடமை என்றே நினைத்தார். மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, அவர்கள் ஏறிய பஸ் வேறு ஊருக்குப் போனது. சண்டை எதுவும் நடக்கவில்லை. இது நடந்து பதினைந்து வருடம். மகள் அந்த ஊரில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். மாதத்தின் முதல் ஞாயிறு ஐந்து நிமிடம் போனில் பேசுவாள்.

வேகக் கார் வாங்குகிறவனுக்கும் கல்யாணம் ஆகிறது, பிள்ளை பிறக்கிறது, முதுகு வலிக்கிறது என்று நிர்வாகத்துக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. மற்ற வேகக் கார்க்காரர்கள் ஒவ்வொருவராக உயரமான, சொகுசான, ஐந்து பேர் உட்காரும் வண்டிக்குத் தாவியிருந்தார்கள். கடைசியில் இவர்களும் தாவினார்கள்.

“குதிரை லாயத்துல யானைக்குப் பிரசவம் பார்க்கச் சொல்றாங்க, இடுப்பண்ணே” என்றார் டயர் மாற்றுகிறவர்.

“அதான் இடுப்பைக் கூப்பிட்டிருக்காங்க” என்றார் இவர்.

பின்னிருக்கையில் ஆளுக்குப் பதிலாக ரப்பர் பொம்மைகளில் தண்ணீர் நிரப்பி வைத்து ஓட்டுவது அங்கே வழக்கம். ஒவ்வொன்றும் எழுபத்தைந்து கிலோ. மூன்று பொம்மைகளுக்கும் அவரே பெல்ட் போட்டுவிடுவார். எட்டு மாதம் அவர்களோடு ஓட்டினார். ஒருநாள் கண்ணாடியில் பின்னால் பார்த்து, “போலாமா?” என்றுகூடக் கேட்டுவிட்டார். கேட்டபின் ரேடியோவைப் போட்டார்.

வண்டி பூப்போல வளைந்தது. இடுப்பு ஒப்புக்கொண்டது. கையெழுத்துப் போடுவதற்கு முன் தலைமைப் பொறியாளர் அம்மா ஒரு நடைமுறைக்காகச் சமையற்கூடத்து அம்மாவையும் இரண்டு எழுத்தர்களையும் பின்னால் உட்காரவைத்து அனுப்பினார். ஏழாவது வளைவில் சமையற்கூடத்து அம்மா வாந்தி எடுத்தார். ஒன்பதாவதில் எழுத்தர்கள்.

“வண்டி மேல தப்பில்லை மேடம். உட்கார்ந்தா அசைவே தெரியாது” என்றார், துணியைப் பிழிந்தபடி.

“எங்க உட்கார்ந்தா?”

அவர் துணியை வாளியில் போட்டார்.

“பின்னாடி ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்தீங்களா சார்?”

பார்க்கவில்லை. பின் என்று ஒன்று இருந்த காரை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. இரண்டு இருக்கைக் காரில் வண்டி எந்தப் புள்ளியை வைத்துத் திரும்புகிறதோ, அதை ஓட்டுகிறவனின் இடுப்புக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் வேலை முடிந்தது. இதிலும் அதையே செய்திருந்தார். ராட்டினத்தின் நடுக்கம்பத்தில் இருப்பவனுக்குத் தலை சுற்றாது, ஓரத்தில் தொங்குகிறவனுக்குத்தான் சுற்றும். தண்ணீர்ப் பொம்மைகளுக்கு எடை இருந்தது, வயிறு இல்லை.

“மூணு வாரம் தர்றேன். உங்க வீட்டாளுங்களை உட்காரவெச்சு ஓட்டுங்க. மத்தவங்க மரியாதைக்குப் பல்லைக் கடிச்சுக்குவாங்க. வீட்டாளுங்கதான் மூஞ்சிக்கு நேரா சொல்வாங்க. முடியலைன்னா வண்டியை வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துடறேன்.”

அது அவருடைய கடைசி வண்டி. அடுத்த வருடம் ஓய்வு.

“என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டுப் போங்க அண்ணே” என்றார் டயர்க்காரர். “ஆனா அவ வயிறு கல்லு. என் சமையலையே இருபது வருஷமா தாங்குது.”

அவர் சிரித்தார். நாலு நாள் யோசித்துவிட்டு, ஒரு புதன்கிழமை மகளுக்குப் போன் செய்தார்.

“என்னப்பா, உடம்புக்கு ஏதாவது?”

“இல்லை. ஒரு வண்டியில உட்காரணும். பின்னாடி.”

“பின்னாடி சீட்டு இருக்கா?”

“மூணு இருக்கு.”

சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவர் அரைமணி முன்பே வந்து நின்றிருந்தார். தடத்தில் நுழைந்தபோது நடுவில் உட்கார்ந்து தானே பெல்ட் போட்டுக்கொண்டாள். ஏழாவது வளைவு போனது. ஒன்பதாவதும் போனது.

“வயிறு?”

“நல்லாத்தான் இருக்கு.”

அவருக்குச் சந்தோஷம் வந்தது. பின்னாலேயே சந்தேகமும் வந்தது. “எப்படி?”

“வளைவுக்கு முன்னாடி உங்க இடது தோள் லேசா ஏறுது. அதைப் பார்த்து நானும் பிடிச்சுக்கறேன்.”

“அப்படியா? எனக்கே தெரியாதே.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? அம்மா மடியில இருந்தப்போ எனக்குப் பார்க்க இருந்தது அந்தத் தோள்தான்.”

அடுத்த சுற்றைத் தொடங்கினார். பிறகு, “கண்ணை மூடிக்க” என்றார். நாலு வளைவு தாங்கினாள். “நிறுத்துங்கப்பா.”

வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். அவர் தண்ணீர் பாட்டிலோடு இரண்டடி தள்ளி நின்றார். நெற்றியைத் தாங்கிப் பிடிக்கலாமா, கூடாதா என்று தெரியவில்லை. தெரிவதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள்.

“சாவியைக் கொடுங்க. நீங்க பின்னாடி உட்காருங்க.”

விதிப்படி அது கூடாது. வாசலில் நின்ற டயர்க்காரர், திடீரென்று வானத்தில் ஏதோ கண்டவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் நாற்பதில் ஓட்டினாள். பின்னால் அவர் கண்ணை மூடினார். தளர்ந்த கயிற்றில் தொங்குவதுபோல இருந்தது. இடுப்பு எதையும் சொல்லவில்லை.

“ஒண்ணுமே தெரியலையே” என்றார்.

“என்ன தெரியலை?”

“எங்க போறோம்னு.”

“பின்னாடி அப்படித்தாம்பா இருக்கும்” என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை உறுத்தியது.

மாலை பஸ்ஸில் அவள் திரும்பிப் போனாள். மீதி இருந்த இரண்டு வாரமும் டயர்க்காரரை ஓட்டச் சொல்லி அவர் பின்னால் கண்மூடி உட்கார்ந்தார். தினமும் குமட்டியது, தினமும் ஸ்பிரிங்கை மாற்றினார். திரும்பும் புள்ளி மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தது. கடைசி நாள் சமையற்கூடத்து அம்மா, எலுமிச்சம்பழமும் பாலித்தீன் பையுமாக ஏறி, இரண்டையும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். அவர் கையெழுத்துப் போட்டார். முன்னிருக்கையில் அந்த வண்டி அவருக்கு இப்போது கொஞ்சம் அந்நியமாக இருந்தது.

வண்டி நன்றாக விற்றது. பத்திரிகைகள் எஞ்சினைப் புகழ்ந்தன, தோலிருக்கையைப் புகழ்ந்தன. வயிறு கலங்காததை யாரும் செய்தியாக எழுதுவதில்லை.

ஓய்வு பெறும் ஓட்டுநர் தான் பக்குவப்படுத்திய கார்களில் ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம் என்பது கம்பெனி மரபு. சாவி அறையில் இரண்டு சாவி வைத்தார்கள், ஒன்று தாழ்ந்த இரண்டு இருக்கைக் கார், மற்றொன்று பெரிய வண்டி. எதை எடுப்பார் என்று பட்டறையில் பந்தயம். டயர்க்காரர் குதிரையின் பக்கம் இருந்தார்.

முந்தின ஞாயிறு மகள் போனில், “பெரிசையே எடுங்கப்பா. அம்மா வர்றேன்னு சொல்லலை. ஆனா வரமாட்டேன்னும் சொல்லலை” என்று சொல்லியிருந்தாள். அன்றைய பேச்சு ஐந்து நிமிடத்தைத் தாண்டியது.

அவர் இரண்டு சாவிகளையும் கையில் எடுத்தார். எடை பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். அந்த மாதம் அவருடைய ஓட்டுநர் உரிமம் காலாவதியானது. அவர் அதைப் புதுப்பிக்கவில்லை.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு, அம்மாவும் மகளும் அன்று ஏறிப்போன அதே பஸ்ஸின் கடைசி வரிசையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து மகளின் ஊருக்குப் போனார். அவள் பஸ் நிற்கும் இடத்தில் தனியாக நின்றிருந்தாள்.

“ஏம்பா வண்டியை எடுக்கலை?” என்றாள், அவர் படியில் இருந்து காலை எடுப்பதற்குள்.

அவர் கீழே இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, “ரொம்ப நேரமா நிக்கிறியா?” என்று கேட்டார்.