டவுன்காரன் என்ற பாத்திரம்

ஒரு நல்ல ஆட்டத்தைத் திருட்டு என்று பொய் சொல்லிக் கொன்றவன் நான்.

என் விமர்சனப் பக்கத்தை நீங்கள் படித்திருக்கலாம். காமிக்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை நடத்தும் ரோல்பிளே கேம்கள்... இவற்றைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இலங்கையில் எங்கள் பக்கம் அதிகமில்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அப்படி என் சொல்லுக்கும் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

அங்கே என்னைப் பதுளை நகரவாசி என்று எழுதியிருப்பேன். அதுவும் பொய். நான் பிறந்தது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து அறையில். டவுனுக்கு வேலைக்கு வந்த எங்களிடம் யாராவது ஊர் கேட்டால், "பதுளை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவோம். தோட்டத்துப் பெயரைச் சொன்னால், கேட்டவர் குரலில் மரியாதை ஒரு படி இறங்கிவிடும்.

நிரோஷா என்று ஒரு பெண், பதுளையில் போன் கடையில் வேலை செய்பவள், தான் உருவாக்கிய ஆட்டத்தை எனக்கு அனுப்பினாள். அச்சிடப் போவதாகவும், நான் நாலு வார்த்தை எழுதினால் வாங்குவார்கள் என்றும் சொல்லியிருந்தாள். கதை நடப்பது தேயிலைத் தோட்டத்தில். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்களே, அதுபோல ஆட்டத்தை நடத்துபவர் பேர் கூப்பிட்டு ஒவ்வொருவருக்கும் அன்றைய சோதனையைக் கொடுப்பார். பொறாமைப்படும் அளவுக்கு நன்றாக இருந்தது.

பிறகு 'டவுன்காரன்' என்ற பாத்திரம் வந்தது. தோட்டத்தை மறைத்து, நகரத்தான் என்று சொல்லித் திரிகிறவன். மறைக்கும்வரை பகடை அவன் பக்கம். லயத்தில் கூப்பிடும் பெயரைச் சொல்லி யாராவது அழைத்துவிட்டால், சேர்த்த பலமெல்லாம் போய்விடும்.

என்னைப் பற்றி இவளுக்கு யார் சொன்னது? சித்தப்பா மகனா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். நண்பன் ரிஸ்வானைக்கூடச் சந்தேகித்தேன். அவன் கடை மாடியில்தான் நாங்கள் கூடி விளையாடுவோம்.

"மச்சான், இத வெளையாடி பாப்பமா?" என்று அவன் கேட்டபோது சிரித்தானா, இல்லையா... இன்றும் எனக்குத் தெரியவில்லை.

"வேணாம். காப்பியடிச்ச சரக்கு" என்றேன்.

வாய்க்கு வந்த அந்தப் பொய் எனக்கே பிடித்துப்போயிற்று. ஒருமுறைகூடப் பகடை உருட்டாமல், 'வெளிநாட்டு ஆட்டமொன்றின் அப்பட்டமான நகல்' என்று எழுதி வெளியிட்டேன். எந்த ஆட்டம் என்று சொல்லவில்லை. இருந்தால்தானே சொல்வதற்கு?

வாங்குவதாகச் சொன்னவர்கள் விலகினார்கள். அச்சு நின்றது.

பிறகு அவள் ரிஸ்வானின் கடைக்கே என்னைத் தேடி வந்தாள். அவன் எதிரிலேயே என் லயத்துப் பெயரைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்து, சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"அண்ணே, அது எந்த கேம்னு மட்டும் சொல்றீங்களா? நான் எதையும் பாத்து எழுதலங்க. எங்கயோ பாத்தது மனசுல தங்கியிருக்கும் போல. தெரிஞ்சா அந்த எடத்த மாத்திருவேன்."

அவளை ஓரமாக அழைத்துப்போய், டவுன்காரன் யார் என்று கேட்டேன்.

"நான்தாங்க" என்றாள், குரலைத் தாழ்த்தி. "எனக்கு பூனாகலை தோட்டம். நான் வேல பாக்குற கடையில யாருக்கும் தெரியாது. சொல்லிறாதீங்க."

எனக்கும் தோட்டம்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "தேடிப் பாத்து அனுப்புறேன்" என்றேன்.

அனுப்பவில்லை. விமர்சனத்தையும் நீக்கவில்லை. நீக்கினால் ஏன் என்று கேட்பார்கள்... இதைக்கூடப் பெயர் போடாமல்தான் எழுதுகிறேன்.

எல்லாம் தெரிந்துகொண்டே என்னைச் சோதிக்க வந்தாளோ என்று இப்போதும் சந்தேகப்படுகிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இல்லையென்றால், தான் எதைத் திருடினோம் என்று அவள் இன்னும் தேடிக்கொண்டிருப்பாள்.