ஃபாஸ்ட் லென்ஸ்

வளைகுடாவில் நான் வேலை பார்க்கும் ரூவியில் கடைக்காரர் "இது ஃபாஸ்ட் லென்ஸ்" என்றதும், ஓடுகிறவர்களைச் சட்டென்று பிடிக்கும் என்று நம்பி வாங்கினேன். குறைந்த வெளிச்சத்திலும் முகத்தை அழகாக எடுக்கும் என்பதுதான் அதன் அர்த்தம். கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூச்சம்.

ஊரோடு திரும்பப் போகும் என் ரூம் நண்பன் செல்வத்துக்கு அது கடைசி பேட்மின்டன் ஆட்டம். எகிறி அடிக்கிற மாதிரி ஒரு படம் கேட்டிருந்தான். லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்து ஃபோகஸ் ஆவதற்குள் அவன் தரைக்கு வந்துவிடுவான். ஆட்டம் முடிந்தபோது ஒரு படம்கூடத் தெளிவாக இல்லை.

"என்னண்ணே, பேயைப் புடிச்சு வச்சிருக்கீங்க!" என்று சிரித்தான். முகம் மட்டும் வாடிவிட்டது.

அவனிடம் தோற்ற பாகிஸ்தானி கேமராவை எட்டிப் பார்த்தார். "ஏக் பார் அவுர், பாய்" என்று மறுபடி அடிக்கச் சொல்லி மட்டையை எடுத்தார். செல்வம் எகிறும் இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தேன். தெளிவாக ஒரு படம் விழும்வரை அவர் ஷட்டிலைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தார்.

தோற்ற அடியையே திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்ட அந்த மனிதரை ஒரு படம் எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை.