சுத்திட்டு வரலாம்

என் மனைவியின் வலது காது இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்த காலத்தில், அவளைக் கடலோரத்தில் ஒரு குழாய்க்குள் படுக்க வைக்கத் திட்டம் போட்டேன். இப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்புதான் வரும். என் மச்சானும் சிரித்தான். சிரித்தால் சிரிக்கட்டும், எனக்கு அப்போது வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

அவளுடைய இடது காது போய் வெகு காலமாகிவிட்டது. யார் பேசினாலும் வலப்பக்கம் வந்து பேசுவார்கள், அவளும் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொள்வாள். அது வீட்டில் எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது. பிறகு அந்த வலது காதும் மங்க ஆரம்பித்தது. குக்கர் விசில் கேட்கவில்லை. கேஸ்காரர் கேட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வேலூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். "இதுவும் போயிடுங்க. எப்பனு சொல்ல முடியாது. மெஷின் வெச்சா கொஞ்ச நாளைக்கு ஓடும்" என்றார். கிணற்று மோட்டாரைப் பற்றிப் பேசுவதுபோல் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அந்த மனிதர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? வெளியே வந்துவிட்டோம்.

"இன்னாங்க சொன்னாரு?" என்று பஸ்ஸில் கேட்டாள். மெதுவாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்தது முன்பக்கம், இன்ஜின் போட்ட சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. கடைசியில் அவள் காதுக்குள் வாயை வைத்து, "இந்தக் காதும் போயிடுமாம்" என்று கத்தினேன். எதிர் சீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போளூர் வந்தபோதுதான், "சரி, வுடுங்க" என்றாள்.

நாங்கள் ரூம் விடுகிறவர்கள். அண்ணாமலை அடிவாரத்தில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்தை ஒட்டின தெருவில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மேலே வாடகை அறைகள். குளிர் காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிறவர்கள் வருவார்கள். ஊர்ப்பட்ட ஜனமும் எங்கள் ஊருக்குள் வந்து சேரும் அந்த நாட்களில் எங்களால் தெருமுனைக்குக்கூடப் போக முடியாது.

முன்பு ஒரு வெள்ளைக்கார அம்மா மாடியில் தங்கியிருந்தார். ஏதோ கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்தவர். வந்த புதிதில் ராத்திரி தூக்கமே வரவில்லை என்றார். கொசுவா, மெத்தை சரியில்லையா என்று பதறிப்போய்க் கேட்டேன். கடல் சத்தம் இல்லாததால் தூக்கம் வரவில்லையாம். அதை மனைவியிடம் சொன்னேன். அவள் அதைக் கேட்டு நின்ற விதம் இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. "ராத்திரியில கூடவா கடல் கத்தும்? அதுக்கு ரெஸ்டே கெடையாதா?" என்றாள். அவள் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூடத்தில் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனபோது. அதுவும் உச்சி வெயிலில். கடல் சத்தம் எப்படி இருந்தது என்று கேட்டால், டீச்சர் ஊதிய விசில்தான் ஞாபகம் இருக்கிறது என்பாள்.

வேலூரிலிருந்து வந்த பிறகு அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இந்தக் காது போவதற்குள் ஒரு ராத்திரியாவது அதில் கடல் கேட்க வேண்டும், காது நிறையக் கேட்க வேண்டும். டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் டாக்டரும் இல்லை. ரூம் பிடிப்பது, ரூம் விடுவது, இவைதான் எனக்குத் தெரிந்த வேலை.

அந்த வேலை இவ்வளவு தலைவலி என்று வாடகைக்கு வருகிறவர்களின் இடத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. போனைத் திறந்தால், கடற்கரையில் மனுஷன் படுக்க என்னென்னவோ வைத்திருக்கிறார்கள். மரத்தின் மேல் வீடு. குண்டுக் கூடாரம். கவிழ்த்துப்போட்ட பழைய படகுக்குள் கட்டில். மரவீடு பார்க்க ஆசையாக இருந்தது, ஆனால் ஏணி. காதுக் கோளாறினால் அவளுக்கு அடிக்கடித் தலை சுற்றும், நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொள்வாள். கூடாரம் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், கடலைக் கேட்க விடாது. படகுக்குள் குனிந்துதான் போக வேண்டும் போலிருந்தது.

அப்புறம்தான் குழாய் கண்ணில் பட்டது. மரக்காணம் பக்கத்தில், சவுக்குத் தோப்புக்குள், பாதாளச் சாக்கடைக்குப் பதிக்கிறார்களே, அந்த மாதிரிப் பெரிய சிமெண்டுக் குழாய்கள். வெள்ளையடித்து, ஒரு வாயை அடைத்து, மறு வாய்க்குக் கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே மெத்தை. கதவைத் திறந்தால் எதிரே கடல். ரோட்டோரத்தில் கிடக்கிற குழாய்க்குள் தலையை விட்டுக் கூவினால் சத்தம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும், எல்லாரும் ஒரு தடவையாவது கூவிப் பார்த்திருப்போம். கடல் அந்தக் குழாய்க்குள் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அரைக் காதுக்கு முழுக் கடல் கிடைக்கும். அன்றைக்கு எனக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

மச்சானிடம் சொன்னேன். என் மனைவியின் தம்பி, கீழ்பென்னாத்தூரில் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பயிர் வைக்கிறவன். நாங்கள் போகிற நாளில் அவன்தான் வந்து ரூம்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "சாக்கடக் கொழாயில அக்காவப் படுக்க வெக்கப் போறீங்களா மாமா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு எதற்காக என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எப்ப வரணும்னு சொல்லுங்க, வந்துடறேன்" என்றான்.

குழாய்க்காரருக்குப் போன் போட்டு முதலில் கேட்டதே, "கடல் சத்தம் கேக்குங்களா?" என்றுதான்.

"கவலையே படாதீங்க சார். கதவ மூடி ஏசி போட்டுட்டா ஒரு சத்தம் உள்ள வராது" என்றார்.

"இல்லீங்க, எனக்குக் கேக்கணும்."

"கம்மியாதான் சார் கேக்கும். யாரும் இதுவரைக்கும் கம்ப்ளெய்ன்ட் பண்ணதில்ல."

அவர் சங்கடம் எனக்குப் புரிந்தது. நானும் பௌர்ணமியன்று மைக் செட்டுகளுக்கு நடுவில் இருக்கும் வீட்டை 'அமைதியான அறை' என்று போட்டிருப்பவன்தான். "எவ்ளோ ஜாஸ்தியா கேக்குதோ அவ்ளோ நல்லது, ராத்திரி பூரா கேக்கணும்" என்றேன். அவர், "அப்படீன்னா கடைசிக் கொழாயி எடுத்துக்குங்க. அதுலதான் யாரும் தூங்க முடியலனு சொல்லுவாங்க" என்றார். அதையே பேசி முடித்தேன்.

மனைவியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், ரூமை யார் பார்ப்பார்கள், துணியை யார் துவைப்பார்கள் என்று ஆரம்பித்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவாள். ஆனால் அவள் வரைக்கும் போகவே இல்லை, நானே தோற்றுக்கொண்டிருந்தேன். முதலில் பார்த்த சனிக்கிழமை பௌர்ணமியில் போய் விழுந்தது. அடுத்ததற்கு ஆந்திராவிலிருந்து ஒரு பெரிய குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியது. அதற்கடுத்து மழை, கடல் பக்கம் யாரும் வர வேண்டாம் என்று குழாய்க்காரரே சொல்லிவிட்டார். இங்கே ஒவ்வொரு தடவை தள்ளிப்போகும்போதும் நான் அவள் காதுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பேச வேண்டியிருந்தது. மெஷின் வாங்கியது பெட்டியிலேயே கிடந்தது. வைத்தால் உள்ளே கரகரவென்று அறுக்கிறது என்பாள். எனக்கு அழுகையாக வரும். அதை அவளிடம் கடுகடுப்பாகத்தான் காட்டத் தெரிந்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலியாக வந்தது. அந்த வாரத்தில் ஒரு நாள் அவள் பின்கட்டில் விருந்தாளிகளின் போர்வைகளை அலசிக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாசற்படியில் நின்றபடி, "சனிக்கெழம விடியக்காலைல ரெடியா இரு. எங்கயாவது சுத்திட்டு வரலாம்" என்றேன்.

"இன்னாங்க?"

அவளுடைய வலப்பக்கம் போய்க் குனிந்து, "சுத்திட்டு வரலாம்னு சொன்னேன். ரெண்டு பேரும்" என்றேன்.

சோப்புக் கையோடு என்னையே பார்த்தாள். "நெஜமாவா?"

"நெஜமாதான்."

"ரூம்?"

"தம்பி வரான்."

முகம் அப்படி மலர்ந்துபோனது. எங்கே என்று கேட்கவே இல்லை. அவள் தம்பி உளறிவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க வீடு கலகலவென்று இருந்தது. மீன் வாங்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். கடலோரத்தில் போய்ச் சாப்பிடலாம் என்றிருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வீடெல்லாம் கழுவிவிட்டாள். ஊருக்குப் போகிற பெண்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். மணலில் நடக்க அவளுக்குப் புதிதாக ஒரு ரப்பர் செருப்பு வாங்கி, தெரியாமல் பையில் வைத்தேன்.

சனிக்கிழமை விடியும்போது மச்சான் வந்துவிட்டான். நான் பேண்ட் சட்டையோடு, இரண்டு பைகளை வாசலில் வைத்துவிட்டு நின்றேன். அவள் வெளியே வந்தாள். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலில் நுனி முடிச்சு, நெற்றி நிறைய விபூதி. கையில் கற்பூரப் பொட்டலம். காலில் செருப்பில்லை.

என் பைகளைப் பார்த்துச் சிரித்தாள். "மல சுத்தறதுக்கு எதுக்குங்க பையி? செருப்ப வேற போட்னு நிக்கறீங்க!"

எங்கள் ஊரில் 'எங்கயாவது' என்ற சொல் முன்னால் இல்லாவிட்டால் 'சுத்திட்டு வரலாம்' என்பதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த ஒரு சொல்லை நான் இரண்டாவது தடவை சொல்லவில்லை. முதல் தடவை சொன்னது அவள் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

மச்சானைப் பார்த்தேன். அவன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு வாட்டி கூட எங்கூட மல சுத்த வந்ததில்ல நீங்க. பௌர்ணமினா ரூம், ரூம்னுடுவீங்க. நீங்களா கூப்ட்டீங்க பாருங்க, எனக்கு அன்னிக்கே பாதி சரியாயிட்ட மாதிரி இருந்திச்சி" என்றாள். பக்கத்து வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறாள். இதற்கு மேல் நான் எந்த வாயால் மரக்காணம் என்று சொல்வேன்? பைகளை மச்சான் உள்ளே எடுத்துக்கொண்டு போனான். நான் வேட்டிக்கு மாறி, செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு அவளோடு இறங்கினேன்.

செங்கம் ரோட்டில் கூட்டமில்லை. நான் வழக்கம்போல அவளுடைய வலப்பக்கம் போனேன். அவள் என் கையைப் பிடித்து மறுபக்கம் இழுத்துவிட்டாள். மலை சுற்றும்போது மலை வலப்பக்கம் இருக்கும். ரோட்டின் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும். மலையை ஒட்டின பக்கம் சித்தர்களும் தேவர்களும் நம் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பதாக நம்பிக்கை. "அது சித்தருங்க வர பக்கம். குறுக்க நடக்காதீங்க" என்றாள். ஆக, நான் அவளுடைய இடப்பக்கம் வந்து சேர்ந்தேன். செத்துப்போன காதின் பக்கம்.

மலைச்சுற்றுப் பாதைக்குத் திரும்பியதும் போன் அடித்தது. குழாய்க்காரர். "சார், திண்டிவனம் தாண்டிட்டீங்களா? கடைசிக் கொழாயத் தொடச்சி வெச்சிருக்கேன். இன்னிக்கிக் கடல் நல்லா கத்துது சார்."

"வர முடியலீங்க. மல சுத்தினு இருக்கோம்" என்றேன்.

"அப்படீங்களா? எங்களுக்கும் சேத்து வேண்டிக்குங்க சார்" என்றார். அடுத்த வாரம் வருகிறோம் என்றேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

அவளுக்குப் போன் அடித்ததும் தெரியாது, நான் பேசியதும் தெரியாது. மலையைப் பார்த்தபடி, உதடு அசைய நடந்துகொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. பேச ஆரம்பித்தேன். குழாயைப் பற்றிச் சொன்னேன். சவுக்குத் தோப்பைச் சொன்னேன். நீ அன்றைக்குக் கேட்டாயே, கடலுக்கு ரெஸ்டே கிடையாது, ராத்திரியெல்லாம் கத்தும், அதை உனக்குக் கேட்க வைக்கலாம் என்றுதான் இத்தனை நாள் அலைந்தேன், என்னால் அதுகூட முடியவில்லை என்று சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் அந்த இடது காதிடம் சொன்னேன். எதிரே பால் கேனோடு சைக்கிளில் வந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனார்.

அடி அண்ணாமலை தாண்டும்போது அவள் தானாகவே பேசினாள். என் பக்கம் திரும்பவில்லை, ரோட்டைப் பார்த்தபடிதான் சொன்னாள்.

"காது குடுனு வேண்டிக்கலீங்க. அது போறது போவட்டும். எல்லாம் போனப்பறம் உங்க கொரலு கடைசியா போவட்டும்னு வேண்டிக்கினேன்."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

"இன்னாங்க?" என்றாள்.

சித்தர்கள் பொறுத்துக்கொள்ளட்டும் என்று அவளைச் சுற்றி வந்து, மலைப் பக்கம் போய் நின்றேன். இந்தத் தடவை அவள் என்னை இழுத்துவிடவில்லை. தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல. கல்லு குத்துதானு கேட்டேன்" என்றேன்.

"குத்துது" என்றாள்.