மோட்டார் படகின் வெள்ளோட்டம்

போன ஐப்பசியில், ரெண்டு வாரம் விடாமல் பெய்த மழை ஓய்ந்திருந்த சமயம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் நான் படகு ஓட்டுகிறேன். காபி எஸ்டேட்டுக்கு நடுவே தடுப்பு கட்டிய பழைய குளம். சுற்றுலா வருகிறவர்கள் அதில் பெடல் போட் மிதிப்பார்கள். யாருக்காவது ஆபத்து என்றால் போவதற்காக ஒரு சின்ன மோட்டார் படகு உண்டு. அதுதான் என் பொறுப்பு.

பேருக்குத்தான் மோட்டார் படகு. வேகம் கூட்டினால் மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொண்டு உழும். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. கடைசியில் சேலத்திலிருந்து ஒரு ஃபைபர் வேலைக்காரரை வரச் சொன்னோம். தொட்டி, கதவு செய்கிறவர்; படகு அவருக்கும் புதுசுதான். படகைக் கவிழ்த்துப் போட்டு, நீளமான அலுமினியச் சட்டத்தை அடிப்பாகத்தில் வைத்துப் பார்த்தார். பின்பக்கம் விரல் நுழைகிற அளவு பள்ளம்.

"நேரா இருக்க வேண்டியது உள்வாங்கிப் போச்சுங்க அம்மிணி. ஓடறப்ப தண்ணி அந்த எடத்துல பின்பக்கத்தைத் தூக்குது. அதான் மூக்கு குத்துது" என்றார்.

பள்ளத்தை ஃபைபர் வைத்து நிரப்பித் தேய்த்தார். நான் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். மூக்கு எழும்பியது, ஆனால் தவளை மாதிரி குதித்துக் குதித்துப் போனது. நிரப்பியது மேடாகிவிட்டது என்று மறுபடி தேய்த்தார். எல்லாம் கரையில் இருந்தபடியேதான். நீச்சல் தெரியாது, சின்ன வயதில் கிணற்றில் விழுந்தவர். படகில் கால் வைக்கவே மாட்டேன் என்றார்.

"ஏனுங்கண்ணா, ஆள் பாரம் வெச்சு ஓட்டுனாத்தான் தெரியும். ஒருக்கா வாங்க" என்று நான் விடாமல் கேட்டதில் ஒருவழியாக ஏறினார். லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்து இழுத்து இறுக்கிக்கொண்டார். படகு அருமையாக வழுக்கிக்கொண்டு போனது. அவர்தான் கண்ணைத் திறக்கவில்லை.

அப்போதுதான் மலைப்பக்கமிருந்து மூடுபனியும் காற்றும் ஒன்றாக இறங்கின. தூரத்தில் ஒரு பெண்ணின் சத்தம். ஒரு பெடல் போட், பாசி சுற்றி மிதிக்க முடியாமல், குளம் நிரம்பி வழிகிற கலிங்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கலிங்குக்கு அந்தப் பக்கம் பாறைப் பள்ளம்.

படகை முழு வேகத்தில் விட்டேன். பள்ளத்தை நிரப்புவதற்கு முன்னால் இருந்த படகாக இருந்தால் பாதி தூரம்கூடப் போயிருக்காது. எங்கள் அலையே அவர்களைத் தள்ளிவிடக் கூடாது என்று முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, மெதுவாகப் பக்கத்தில் போய் அவர்கள் படகைக் கையால் பிடித்தேன். கணவன், மனைவி, ஒரு சின்னப் பெண். ஜாக்கெட் கழுத்தை அறுக்கிறது என்று குழந்தை அழுததால் கழற்றியிருக்கிறார்கள். கழற்றிய ஜாக்கெட் தண்ணீரோடு போய்விட்டது.

ஃபைபர்காரர் எழுந்து குழந்தையை வாங்கி மடியில் உட்கார வைத்தார். நான் ஏதும் சொல்வதற்குள் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவளுக்கு மாட்டி வாரை இறுக்கினார்.

"என்னோடத போட்டுக்கங்க" என்றேன்.

"வேண்டாங்க. நீங்க கையை எடுக்காதீங்க" என்றார்.

பெற்றோர் ஏறும்போது படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கை குழந்தையைச் சுற்றி, ஒரு கை பலகையில். ஐந்து பேர் பாரத்தோடு படகு கொஞ்சம் திணறியது. பிறகு மெல்ல மூக்கைத் தூக்கிக்கொண்டு கலிங்கை விட்டு விலகியது.

கரைக்கு வந்ததும் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கால் நடுக்கம் நிற்கவே இல்லை.

"பயமா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"நொம்ப பயங்க. ஆனா பாப்பா எங்கழுத்தைக் கட்டிப் புடிச்சுக்குச்சே" என்றார். படகைத் திரும்பிப் பார்த்து, "அத்தன பாரத்துல படகு பின்பக்கம் அமுங்குச்சுங்களா?" என்று கேட்டார்.

இன்றைக்கும் யாராவது படகில் ஏறும்போது கை நடுங்கினால், மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் அவர்கள்மேல் தனியாக ஒரு மரியாதை வந்துவிடுகிறது.