பதினெட்டு நிமிஷ மாயக் கதவு

கண்டக்டரம்மாவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. பஸ் பாஸை வாங்கினால் போட்டோவையும் ஆளையும் இரண்டு முறை பார்ப்பாள். தூங்குகிற மாதிரி நடிப்பவனைத் தட்டி எழுப்பி, "கனவுல டிக்கெட் எடுத்துட்டீங்களா?" என்பாள். பெற்ற மகள் வயிற்றுவலி என்றாலும், "எங்கே, நாக்கை நீட்டு" என்கிற ரகம்.

அப்படிப்பட்டவள் மதிய இடைவேளையில் டெப்போ ஓய்வறையில் மந்திர உலகத்துக்குப் போய்விடுவாள். பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷம் போட்டு ஆடுகிற ஆட்டம். கதை சொல்பவர் டைம் கீப்பர். டிரைவர் வாள் வீரன். இவள் கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் இடையே கழுதை வண்டி ஓட்டுபவள். வழியில் ஏழு ஊர்கள். ஏழும் அந்த வண்டியை நம்பித்தான் பிழைத்தன. நாலாவது ஊரில் ஒரு சத்திரம். அதை வைக்கச் சொன்னதே இவள்தான். ஏனென்றால், நிஜத்தில் இவளுடைய ஏழாம் நம்பர் பஸ்ஸின் நாலாவது நிறுத்தத்தில் அக்கா டீக்கடை வைத்திருந்தாள். பஸ் நிற்கிற பத்து நிமிஷம்தான் அந்தக் கடைக்கு உயிர்.

டைம் கீப்பரிடம் ஒரு பலவீனம். மனுஷனுக்கு நேரத்தைக் கற்பனை செய்ய வராது. டிராகன் பறக்கிற நேரத்தைக்கூட டெப்போ அட்டவணையிலிருந்துதான் எடுப்பார். கழுதை வண்டிக்கு ஐம்பத்தைந்து நிமிஷம். ஏழாம் நம்பருக்கும் அதேதான்.

அன்று அவர் யார் முகத்தையும் பார்க்காமல் கதையைத் தொடங்கினார். "மந்திரவாதிங்க கோட்டையில ஒரு மாயக் கதவு திறந்துட்டாங்க. நுழைஞ்சா நேரா துறைமுகம். இனி வண்டி ஓடாது. சத்திரத்தையும் மூடியாச்சு."

"அட்ரா சக்கை! எவ்வளவு நேரமாகும்?" என்றார் டிரைவர்.

"பதினெட்டு நிமிஷம்."

கண்டக்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. மாயக் கதவுக்கு எதற்கய்யா பதினெட்டு நிமிஷம்? கண் இமைக்கிற நேரம் போதாதா?

"காலையில கதவு எப்போ திறக்கும் சார்?" என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

"ஆறு பத்து." சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அடப்பாவி மனுஷா! ஆறு பத்து அவளுடைய முதல் டிரிப்.

"ரோட்டை அகலப்படுத்தினது இதுக்குத்தானா? நேர் பஸ் விடப் போறாங்களா?"

"ஆட்டத்துல எதுக்கும்மா அதெல்லாம்..."

"மழுப்பாதீங்க. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவங்க உட்காரட்டும்னு அக்கா போன வாரம்தான் புது பெஞ்சு போட்டா. நான்தான் போடச் சொன்னேன்."

அவர் மேஜைமேல் விரித்திருந்த ஆட்டத்தின் வரைபடத்தைச் சுருட்டினார், மறுபடி விரித்தார். "ஒண்ணாம் தேதியிலிருந்து ஏழாம் நம்பர் கிடையாதும்மா. வெளியில சொல்லக் கூடாதுன்னு ஆர்டர். மனசு கேக்கல, அதான் இப்படியாவது..."

"நடுவுல எங்கயுமே நிக்காதா?"

"அதே ரோடுதான். ஆனா நிக்காது."

டிரைவர் பகடையைக் கீழே வைத்துவிட்டார். டைம் கீப்பர் இன்னும் தலை நிமிரவில்லை. கண்டக்டரம்மாவின் சந்தேகம் தீரவில்லை.

"இன்னும் ஏதோ முழுங்குறீங்க. அதுல கண்டக்டர் யாரு?"

"சீனியாரிட்டி பார்த்துப் போட்டிருக்காங்கம்மா. நீங்கதான்."

அவள் சட்டைப்பையிலிருந்த விசிலைத் தொட்டுப் பார்த்தாள்.

"பஸ்ஸைப் பார்த்ததும் அக்கா கடையை விட்டு வெளிய வந்து கை காட்டுவா சார். வண்டியை நிறுத்த விசில் அடிக்காம நான் எப்படிப் போவேன்?"