செம்பூருக்கு ஒரு டப்பா பஞ்சாமிர்தம்

காலை 9.10, மாட்டுங்கா. செம்பூர் டாக்டரிடமிருந்து போன். "நேத்து எடுத்த ரத்தத்துல பொட்டாசியம் ஏறியிருக்கு. உடனே கிளம்பி வாங்கோ. தனியா வராதீங்கோ."

மனைவி நேருளில் மகள் வீட்டில். ஆகவே பயத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். என் சிறுநீரகம் என்னைப் போலவே சோம்பேறி. மற்றவர்களுக்கு நல்லது செய்கிற பொட்டாசியத்தை அது வடிகட்டாமல் விட்டால் இதயமே நின்றுபோகலாம் என்று சொல்லி, பதினைந்து நாள் முன்பே பொட்டாசியம் நிறைந்த வாழைப்பழத்துக்குத் தடை போட்டிருந்தார் டாக்டர். அன்றிலிருந்து ஒரு பழத்தைத் தொடவில்லை. சத்தியம். பிறகு எப்படி ஏறியது?

9.35, ஸ்லோ லோக்கல் ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய். சயானில் முறுக்கு மூட்டையுடன் ஏறிய தாராவி வியாபாரி, என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். சொன்னேன்.

"ராத்திரி பழம் தின்னியளா அண்ணாச்சி? சளி கட்டும்லா."

"இல்லை."

"பாலோட சேத்து? வெசம்லா அது!"

"ஐயோ, இல்லை."

"ரெண்டா ஒட்டிக்கிட்ட பழம்? ரெட்டப் புள்ள பொறக்கும்."

எனக்கு வயது அறுபத்தொன்று. அதற்கு மட்டும் பயம் வரவில்லை. குர்லாவில் ஹார்பர் லைன் ரயிலுக்கு மாறப் பாலம் ஏறியபோது நெஞ்சு படபடத்தது. படியாலா, பொட்டாசியத்தாலா? கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் வந்தவர்கள் இந்தியில் என் வம்சத்தை விசாரித்தார்கள்.

10.20, செம்பூர். மார்பில் ஒயர்களுடன் படுத்தபடி முறுக்குக்காரரின் சந்தேகங்களையெல்லாம் டாக்டரிடம் கேட்டேன்.

"பழத்தால சளியும் வராது, இரட்டையும் பொறக்காது. பாலோட சாப்பிட்டா விஷமும் இல்லே. உங்க கிட்னிக்குத்தான் ஆகாது. நெஜத்தைச் சொல்லுங்கோ, எத்தனை பழம்?"

"ஒண்ணுகூட இல்லை டாக்டர். சாமி மேல ஆணை. உங்களுக்குக்கூட மாட்டுங்கா கோயில் பிரசாதம் கொண்டுவந்திருக்கேன், பையில பாருங்கோ. கிட்னி சரியாகணும்னு வேண்டிண்டு தினம் ஒரு கிண்ணம் சாப்பிடறேன்."

டப்பாவைத் திறந்து பார்த்தார். "பஞ்சாமிர்தமா? இதுல என்னென்ன இருக்கு?"

"வெல்லம், நெய், தேன், பேரீச்சம்பழம்..."

"அஞ்சாவது?"

"வாழை..." என்று ஆரம்பித்து என் வாயை நானே பொத்திக்கொண்டேன்.

இ.சி.ஜி. காகிதத்தை அவர் படித்து முடிப்பதற்குள் எனக்கு இன்னும் நான்கு வயது ஏறிவிட்டது. "இதயம் இப்போதைக்குத் தப்பிச்சுது. மருந்து தரேன். நாளைக்குக் காலம்பற மறுபடி ரத்தம் குடுக்கணும்." டப்பா அவருடைய மேஜை டிராயருக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

பகல் 1.15, மீண்டும் மாட்டுங்கா. நாளைய ரிப்போர்ட் நல்லபடி வர வேண்டிக்கொண்டு கோயில் வாசலில் நின்றேன். தெரிந்த குருக்கள் வழக்கம்போலப் பஞ்சாமிர்தக் கரண்டியுடன் வந்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"திருநீறு மட்டும் போதும்."

அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்றும் கேட்டுவைத்தேன்.